சைன் இல்லாத கணிப்பொறி

சென்னைக் கணிப்பொறி மையத்திலிருந்து வந்த கவரை அனந்தமதி திண்டிவனம் பள்ளி வராந்தாவில் நின்றபடியே பிரித்தாள். அவள் ஃபோர்ட்ரான் என்ற கணிப்பொறி மொழியில் எழுதி அனுப்பிய நிரல் அப்படியே திரும்பியிருந்தது. நிரல் விதிமுறைப்படி சரி, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு பிழையும் காட்டவில்லை, ஆனால் சைன் முதலான கோணக் கணக்குகளுக்கான துளை அட்டைகள் எங்கள் கணிப்பொறிக்கு இன்னும் வந்து சேராததால் ஓட்ட முடியவில்லை என்று கூடவே ஒரு கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றி அனுப்பாவிட்டால் அடுத்த முறை தை மாதம்தான்.

அது 1967 ஐப்பசி. அவள் அம்மா பத்மாம்பாள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத சமணக் குடும்பத்துக்காரி. பஞ்சாங்கம் சொல்வது சென்னை நேரம் என்று அதை நம்பமாட்டாள். மேகம் மூடிய நாளில் சந்தேகத்துக்கு இடம் வேண்டாமென்று மதியத்தோடு நிறுத்திவிடுவாள். அந்த மழைக்காலத்தில் அவள் மிகவும் இளைத்துப்போயிருந்தாள். திண்டிவனத்துக்கென்றே சூரியன் மறையும் நேரத்தை நாள்வாரியாகக் கணக்கிடத்தான் அந்த நிரல்.

சைனை வெறும் பெருக்கலும் கூட்டலுமான தொடராக எழுதலாம் என்பது கணக்கு டீச்சரான அவளுக்குத் தெரியும். எத்தனை உறுப்புவரை கூட்டினால் போதும் என்பதில்தான் பயம். ஞாயிறன்று ரயிலேறி விழுப்புரம் போனாள். சர்வேயர் துரைக்கண்ணு அவளோடு சென்னையில் பத்து நாள் ஃபோர்ட்ரான் படித்தவர். கண்டமங்கலத்தில் இரண்டு வாரம் வயல் அளந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

"அவங்ககிட்ட இல்லன்னா இன்னா டீச்சர், நாமளே செஞ்சு குடுத்துடலாம்" என்று தன் கோண அட்டவணைப் புத்தகத்தை எடுத்துவந்தார்.

அவள் கையால் கணக்குப் போட, அவர் பத்துப் பாகைக்கு ஒருமுறை புத்தகத்தில் ஒப்பிட்டுச் சொன்னார். ஐந்தாவது உறுப்பில் ஐந்து தசமம்வரை ஒத்துப்போனது. மற்றக் கணக்குகளையும் அப்படியே முடித்தார்கள். நாலரை மணிக்கு அவர் மனைவி கிருஷ்ணவேணி வெங்காயம் போடாத குழம்போடு இலை போட்டாள்.

"லேட்டாக்காதீங்க டீச்சர். எழுதிக்கினு இருந்தா பொழுது போறதே தெரியாது" என்றாள்.

சமணர் வெங்காயம் சேர்க்கமாட்டார்கள், இருட்டும் முன்பே சாப்பிடுவார்கள் என்று யாரும் சொல்லாமலே கிருஷ்ணவேணி நினைத்துச் செய்திருந்தாள். அனந்தமதி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.

திருத்திய நிரலை மறுநாளே சென்னைக்குத் தபாலில் சேர்த்தாள். கார்த்திகை முதல் வாரத்தில் கணிப்பொறி அச்சடித்த நீளமான தாள் வந்தது. அன்று காலையிலிருந்தே அடைமழை. பத்மாம்பாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்து.

"இன்னிக்கு எவ்ளோன்னு போட்டுருக்குது?"

"அஞ்சு நாப்பத்திரண்டும்மா."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் முறையும் சோறு கேட்டாள்.

தாளின் தலைப்பில் அனந்தமதியின் பெயரை மட்டும்தான் கணிப்பொறி அடித்திருந்தது. அதற்குக் கீழே அவள் பேனாவால் துரைக்கண்ணு, கிருஷ்ணவேணி என்று எழுதினாள். ஈரக்காற்றில் மசி உலராமல் கொஞ்ச நேரம் பளபளத்துக்கொண்டிருந்தது.