பின்சீட்டு மூட்டை

காலை எட்டு மணியிலிருந்து அவர் அந்த ஜீப்பின் முன்சக்கரக் குழிக்குள் தலையைக் கொடுத்துக் கிடந்தார். வெளியே தெரிந்தவை கிரீஸ் ஏறிய கால்சட்டையும் இரண்டு பாதங்களும்தான். பக்கத்தில் கார் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்த அவள், அந்தப் பாதங்களை வைத்தே வேலை எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். குதிகால் தரையை உதைத்தால் சுத்தியல் அடிக்கிறார். கட்டைவிரல் விறைத்தால் எதையோ முறுக்குகிறார். இருபது வருஷத்துப் புருஷன், முகத்தைப் பார்க்காமலே படித்துவிடலாம்.

ஸ்பிரிங் மாற்றி அந்த வண்டியை ஏற்கெனவே இரண்டு அங்குலம் தூக்கியிருந்தார்கள். இப்போது வண்டிக்காரருக்கு இன்னும் பெரிய டயர் வேண்டுமாம். தூக்கிவிட்டால் எந்த டயரையும் போடலாம் என்றுதான் வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். வண்டி நேராக நிற்கும்போது உள்ளங்கை நுழையும் இடைவெளி இருக்கத்தான் செய்யும். ஸ்டியரிங்கைக் கோடிவரை ஒடித்து, ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போதுதான் டயரின் தோள்பட்டை என்கிற ஓரம் உள்ளே போய் முட்டும். குழியின் பிளாஸ்டிக் உறையில் உரசினால் சத்தத்தோடு போகும். குழிக்குப் பின்னால் இரண்டு தகடுகள் சேர்ந்து நீண்டிருக்கும் விளிம்பில் உரசினால் டயரைக் கத்தி போலச் சீவும்.

விளிம்பை அடித்து மடக்கவும், பிளாஸ்டிக்கைச் சூடு காட்டித் தள்ளவும் பட்டறையில் மற்றவர்களுக்கும் தெரியும். எங்கே, எதில், எவ்வளவு உரசுகிறது என்று வெளியே நின்று காதாலேயே சொல்வது அவர் ஒருவருக்குத்தான் வரும். அதனால் அவருடைய பெயரே காது என்று ஆகிவிட்டது.

அந்தக் காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் கண்டுபிடித்தாள். முன்பெல்லாம் திரும்பி நின்று முணுமுணுத்தால் போதும், வாசலிலிருந்து பதில் வரும். இப்போது வாய் வலிக்கத் திட்டலாம், ஆள் அசைய மாட்டார். முதல் வாரம் அதில் ஒரு சுகம்கூட இருந்தது. பிறகு, பதில் வராத வீட்டில் தன் குரலைக் கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வேலையைக் காப்பாற்ற அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. சோதனை ஓட்டத்துக்கு வண்டியில் கனம் ஏற்றவேண்டும். மணல் மூட்டைகளோடு அவளும் பின்சீட்டில் உட்காருவாள். உரசல் கேட்டால் கையைச் சன்னல் கண்ணாடியில் வைப்பாள். விரித்த கை என்றால் பிளாஸ்டிக், மூடிய கை என்றால் தகடு. அவர் அதைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி யோசிக்கிறவர் போல ஒரு நொடி நின்று, பிறகு சொல்வார். அந்த நடிப்பை அவரேதான் சேர்த்துக்கொண்டார்.

மதியம் நான்கு சக்கரங்களும் ஏறின. அவர் டயரின் தோளில் சாக்பீஸ் பூசப் போனார். உரசும் இடத்தில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும், காதே வேண்டாம். முதலாளி தடுத்தார்.

"என்ன காது, புது டயர்ல கோலம் போடறே? சார் போட்டோ எடுக்கணும்கறார். நீ இருக்கும்போது சாக்பீஸ் எதுக்குய்யா?"

அவர் முதலாளியின் வாயைப் பார்த்துவிட்டு சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு. பெரிய மூட்டை நீதான் பாக்கி."

"ரெண்டு வேளை சோறு போடுங்க முதலாளி, இன்னும் நல்லா கனக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறினாள்.

முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்தார், வண்டிக்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம்ணா. பசங்க, அம்மா, எல்லாரும். பிரச்சினை ஒண்ணும் வராதுல்ல?"

"காது ஓகேன்னு சொல்லிட்டா கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம் சார்."

கதவைச் சாத்தியதும் வெளி உலகம் மங்கிப் பழுப்பானது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. காலையில் அவள்தான் அதைத் துடைத்தாள். துடைத்தபோது தன் முகம் பளிச்சென்று தெரிந்ததில் மகிழ்ந்துபோனாளே தவிர, உள்ளே இருப்பது தெரியாது என்று யோசிக்கவில்லை.

வலது முன்சக்கரம் மரக்கட்டை அடுக்கின்மேல் ஏறியது. முதலாளி ஸ்டியரிங்கை இடது கோடிக்கு ஒடித்து மெல்ல நகர்த்தினார். ஏசி இரைந்தது. வண்டிக்காரர் பேசிக்கொண்டே வந்தார். அதற்கெல்லாம் அடியில் அவளுக்குக் கேட்டது. சரக். சற்று நின்று, மறுபடி சரக். தகடு.

மூடிய கையைக் கண்ணாடியில் வைத்தாள். வெளியே அவர் சன்னலைப் பார்த்தார். அவர் கண் அவள் கையைத் தாண்டி, அங்கும் இங்கும் தேடியது. கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினாள். முன்னாலிருந்து பூட்டியிருந்தார்கள். தட்டினாள், அவருக்குக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தே.

அவர் கண்ணை மூடி ஒரு நொடி நின்றார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார்.

வாயை மூடிக்கொண்டால் நாளைக்கும் அவருக்கு வேலை இருக்கும். அவள் மடியில், சீட்டின் இடுக்கிலிருந்து எடுத்து வண்டிக்காரரிடம் கொடுக்க வைத்திருந்த ஒரு குழந்தையின் சின்னக் காலுறை கிடந்தது. காலையில் அதைத் துவைத்துக் காயவைத்தவளும் அவள்தான்.

"முதலாளி, நிறுத்துங்க. உரசுது. வலது பக்கம், தகட்டுல."

முதலாளி இறங்கி, குனிந்து, விளிம்பில் விரலை ஓட்டினார். விரல்நுனியில் கறுப்புத் தூள். நிமிராமலே, இரண்டடி முன்னால் முதுகைக் காட்டி நின்ற அவள் புருஷனைச் சாதாரணக் குரலில் கூப்பிட்டார்.

"காது."

அவர் திரும்பவில்லை.

"யோவ் காது."

வண்டியிலிருந்து இறங்கிய அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் திரும்பினார்.

"எவ்வளவு நாளா தங்கச்சி?"

"ஏர் கன்னும் கிரைண்டரும் பக்கத்துலயே பதினாறு வருஷம் முதலாளி. அடைச்சுக்க ஒரு பஞ்சுகூட நீங்க தந்ததில்ல."

"வயசானா எல்லாருக்கும் போறதுதான். அதுக்குப் பட்டறை என்ன பண்ணும்?" முதலாளி குரலைத் தாழ்த்தினார். "நான் யாரையும் வெளிய அனுப்பல. அவர் உன் கழுவுற வேலையைப் பாக்கட்டும், உன் சம்பளத்துக்கு. நீ சக்கரத்துகிட்ட நின்னு கேட்டுச் சொல்லு."

"எனக்கு அவர் சம்பளமா?"

"நீ புதுசும்மா. இப்ப வாங்குறதையே வாங்கு. பழகினப்புறம் பாக்கலாம்." வண்டிக்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "அரை மணி நேரம் சார். விளிம்பை மடக்கிட்டு இன்னொரு ஓட்டம்."

விளிம்பை அவள் புருஷனே மடக்கினார். முடித்ததும் சாக்பீஸைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தார். கனத்துக்கு ஆள் வேண்டுமே. மூட்டைகளை நகர்த்திவிட்டு, அவளுடைய இடத்தில் போய் உட்கார்ந்தார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் ஒரு கையில் விளக்கும் மறு கையில் சாக்பீஸுமாகச் சக்கரத்தருகே குந்தி, காதைக் குழிக்கு நேராகக் கொடுத்தாள். வண்டி கட்டையின்மேல் ஏறத் தொடங்கியது. அவள் முதுகுக்குப் பின்னால் அடுத்த வண்டியின் நட்டுகளைக் கழற்ற ஏர் கன் கத்த ஆரம்பித்தது. பொத்திக்கொள்ளக் கை காலியில்லை.

தலையைத் தூக்கிப் பின்சன்னலைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் இருந்தது. உள்ளேயிருந்து யாரோ விடாமல் தட்டுவதுபோல அந்த முகம் அதிர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.