பரிமளாசுரன் கொண்டுபோன மண்வாசனை

1988ஆம் வருஷம் தசரா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, ஹொன்னெகொப்பா ஊரின் காபி வாசனை முழுவதையும் தொலைக்காட்சியில் வந்த பரிமளாசுரன் திருடிக்கொண்டு போனான். காபி இருந்தது. நிறமும் கசப்பும் சூடும் இருந்தன. வாசனை மட்டும் இல்லை. தீர்த்தஹள்ளியிலிருந்து ஆகும்பே போகும் பாதையில், பஸ் நிற்கும் இடத்தில் ஹோட்டல் வைத்திருந்த ஸ்ரீபதி ஐதாள், பொடி கெட்டுவிட்டதென்று நினைத்து மூட்டையைக் கடைக்காரருக்குத் திருப்பி அனுப்பினார். கடைக்காரர் தன்னிடமிருந்த மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தார். அவற்றிலும் இல்லை. தோட்டத்தில் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தவர்கள், கரிந்ததா இல்லையா என்று தெரியாமல் விழித்தார்கள். அடுத்த ஞாயிறு காலை, அந்தத் தொலைக்காட்சித் தொடரின் வீரனான புட்டன் என்ற பையன் அசுரனின் குகைக்குள் புகுந்து வாசனையை அடைத்து வைத்த குப்பியின் மூடியைத் திறந்துவிட்டதும், ஹோட்டல் மேஜைகளில் பாதி குடித்து வைத்திருந்த டம்ளர்களிலிருந்தெல்லாம் ஒரே சமயத்தில் வாசனை எழுந்தது. அன்று மதியத்துக்குள் ஐதாளின் கடையில் பால் தீர்ந்துபோனது.

கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியை ஐதாள் வாங்கியது வியாபாரத்துக்காகத்தான். கமுகு மரத்தில் கட்டிய ஆண்டெனாவைத் திருப்ப ஒருவர் ஓட்டின்மேல் ஏறி நிற்பார். கீழே இருப்பவர்கள், ஆகும்பே பக்கம் கொஞ்சம், போதும், தீர்த்தஹள்ளிப் பக்கம் ஒரு மயிரிழை என்று வழி சொல்வார்கள். ‘சுகந்தபுரி’ என்ற அந்தக் குழந்தைகள் தொடர் வரும் நேரத்தில் பெஞ்சில் இடம் கிடைக்காது. ஒரு நாட்டின் வாசனைகளை ஒவ்வொன்றாகத் திருடிக் குப்பிகளில் அடைக்கும் அசுரன், அவற்றை மீட்கும் பையன், கதை அவ்வளவுதான். ஆனால் அசுரனாக வந்தவரைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. ஒல்லியான நெட்டை மனிதர். பசையால் ஒட்டிய நீள மூக்கு, வசனம் பேசும்போது லேசாக ஆடும். ஜன்னல் திரையில் தைத்த அங்கியில், திரை மாட்டும் வளையம் ஒன்று பிடுங்கப்படாமல் தொங்கியது. மற்ற அசுரர்களைப்போல இவன் வயிறு குலுங்கச் சிரிப்பதில்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்க வந்தவரின் குரலில் பேசுவான். எல்லா வாரமும், திருடிய குப்பியோடு தனியாக உட்கார்ந்து, மூடியை மெல்லத் திருகி, கண்ணை மூடி, மூச்சை இழுப்பான். தூரத்தில் யாரோ தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல அவன் முகம் ஒரு பக்கமாகத் திரும்பும். அந்த நேரத்தில் பெட்டியின் ஒலிபெருக்கித் துணி வழியாக அந்த வாசனை கொஞ்சம் கசிந்து முன்பெஞ்சுவரை வரும்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. மல்லிகை போன வாரம் பூக்காரர்கள் கடை போடவில்லை. மீன் வாசனை போன வாரம் மீன் சந்தைத் தெருக்காரர்களும் கோயில் தெருக்காரர்களும் ஒருவரோடொருவர் நின்று பேசினார்கள். அந்த வாரத்தில் பேசி முடித்த ஒரு வழிப்பாதைத் தகராறு இன்றுவரை மறுபடி முளைக்கவில்லை. பாக்கு வேகும் வாசனை, புதுப் புத்தக வாசனை, தாழம்பூ, மண்ணெண்ணெய் எல்லாம் போய்த் திரும்பின. எது எப்போது போனாலும் அடுத்த ஞாயிறு வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் புட்டன் கட்சி. ஐதாளின் மகள் ஜலஜாட்சி ஒருத்திதான் அசுரன் கட்சி. அவளுக்கு அப்போது பதினொரு வயது. இடைவேளையில் மற்றவர்கள் மரக்கிளையைக் கத்தியாக வைத்துக்கொண்டு புட்டனாகக் குதிக்கும்போது, அவள் காலி மைக்கூட்டைத் திறந்து கண்ணை மூடி நிற்பாள். அசுரன் பொண்டாட்டி என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். வீட்டுச் சுவரில் கரியால் எழுதியும் வைத்தார்கள். அவள் அழவில்லை, சண்டை போட்டாள். திருட்டுப் பயலிடம் அப்படி என்னத்தைக் கண்டாய் என்று அப்பாவே கேட்டபோது, அவள் சொன்னது கடையில் உட்கார்ந்திருந்த பலருக்கும் நினைவிருக்கிறது.

“புட்டன் ஒரு தடவையாவது மோந்து பாத்திருக்கானாப்பா? திறந்து விடச் சொன்னாங்க, திறந்து விட்டுட்டு ஓடறான். அவன் மீட்டுக்குடுத்தது மல்லியா மண்ணெண்ணெயான்னு அவனுக்கே தெரியாது. அந்த ஊர் முழுக்க வாசனைமேல ஆசையா இருக்கிறது இவர் ஒருத்தர்தான்.”

ஐதாள் கல்லாப்பெட்டியைத் துடைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தொடரை அவரும் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மறு வருஷம் மார்ச் கடைசியில், முதல் மழையின் மண்வாசனையைப் பரிமளாசுரன் திருடினான். அடுத்த ஞாயிறு அது திரும்பியிருக்க வேண்டும். ஆனால் புட்டனாக நடித்த பையன் பரீட்சை விடுமுறைக்குள் ஒரு சாண் வளர்ந்து, குரல் உடைந்து, மேலுதட்டில் பூனை முடியோடு படப்பிடிப்புக்கு வந்து நின்றான். இந்தக் கதை இத்தோடு நிறைவுபெறுகிறது என்று ஓர் அட்டையைக் காட்டிவிட்டு வேறு நிகழ்ச்சி போட்டார்கள். குப்பியைத் திறக்க யாரும் போகவில்லை. ஏப்ரலில் மழை வந்தது. ஹொன்னெகொப்பாவில் மழை வருவதற்கு முன்னால் வாசனை மேற்கு மலை தாண்டி வந்து, வாசலில் நிற்பவர்களைக் கூப்பிட்டுச் சொல்லும். அந்த வருஷம் ஒன்றும் வரவில்லை. நேராகத் தண்ணீர்தான் வந்தது. முற்றங்களில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்த பலாக்காய் அப்பளம் முழுவதும் கூழாகிப்போனது.

அதில் அதிகம் இழந்தவர் குலாபியக்கா. கணவர் போன பிறகு பலாக்காய் அப்பளம் இட்டுத்தான் அவர் வீடு நடந்தது. அண்ணாந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. குனிந்து அப்பளம் இடுபவருக்கு மூக்குதான் வானிலை. இரண்டாவது வருஷமும் அப்படியே ஆனதும், நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு நேராக ஹோட்டலுக்கு வந்து ஐதாளின் முன் போட்டார்.

“உங்க பெட்டிதானே எடுத்துட்டுப் போச்சு? நீங்கதான் போய் வாங்கிட்டு வரணும்” என்றார்.

ஐதாளுக்கு அது நியாயமாகவே பட்டது. தொலைக்காட்சி நிலையத்தில் விசாரிக்க ஆள் அனுப்பி, பரிமளாசுரனாக நடித்தவர் வாமனராவ் என்றும், நாடகக் கம்பெனிகளில் இருந்தவரென்றும், பெங்களூர் சாமராஜபேட்டையில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறாரென்றும் தெரிந்துகொண்டார். கோடை விடுமுறையில் ஐதாள், ஜலஜாட்சி, குலாபியக்கா மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். ஜலஜாட்சி தலைக்கு எண்ணெய் வைத்து, திருவிழாப் பாவாடை கட்டிக்கொண்டு, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள்.

மாடிப்படி ஏறும்போதே பால் தீயும் நாற்றம் தெருவரை வந்தது. கதவைத் திறந்தவர் வேட்டியும் பனியனுமாக, சின்ன மூக்கோடு, மிக மரியாதையாக உள்ளே வரச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஸ்டவ்வில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. குலாபியக்கா அவரைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். வாமனராவ் வெட்கப்பட்டார். எட்டு வயதில் வந்த காய்ச்சலோடு தன் மூக்கு போய்விட்டதென்றும், அதற்குப் பிறகு பூவும் சாக்கடையும் தனக்கு ஒன்றேதான் என்றும், வாரத்துக்கு ஒரு பாத்திரம் இப்படிப் போகிறதென்றும் சொல்லி, வந்தவர்களுக்கு வாழைப்பழம் எடுத்து வைத்தார்.

ஜலஜாட்சி முதல்முறையாக வாயைத் திறந்தாள். “அப்ப டிவியில மோந்து பாத்தீங்களே, அது பொய்யா?”

வாமனராவ் ஒரு பழத்தை அவள் பக்கம் நகர்த்தினார். “அவங்க என்னைச் சிரிக்கத்தான் சொன்னாங்கம்மா. எனக்குச் சிரிப்பு வரலை. ஒவ்வொரு குப்பியிலயும், இதுலயாவது இருக்குமான்னுதான் திறப்பேன். நான் மோந்து பாக்கலை. தேடினேன்.”

பிறகு அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். படப்பிடிப்பு நின்றபோது யாரும் திருப்பிக் கேட்காததால் கையோடு வந்துவிட்டது என்றார். தொலைக்காட்சியில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது உண்மையில் நீலம். பழைய தலைவலித் தைலக் குப்பி. ஊரின் நிலைமையை ஐதாள் விளக்கியதும், குழந்தைகள் நிகழ்ச்சியால் ஒரு பெண்மணியின் பிழைப்பு கெட்டதா என்று மிகவும் வருந்தி, தானே வந்து திறந்து கொடுப்பதாகச் சொன்னார். துணிப்பெட்டியின் அடியிலிருந்து அங்கியையும் மூக்கையும் எடுத்துவைத்தார். வளையம் இன்னும் அதில் தொங்கியது. மூன்று பேராகப் போனவர்கள் நான்கு பேராகத் திரும்பினார்கள்.

அடுத்த நாள் காலை ஹோட்டலில் நிற்க இடமில்லை. தெரு முழுக்க ஆட்கள். அணைத்து வைத்த தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், அங்கியும் ஆடும் மூக்குமாகப் பரிமளாசுரன் நின்றான். ஜலஜாட்சியைக் கேலி செய்து வளர்ந்த பிள்ளைகள் முண்டியடித்து முன்னால் வந்தார்கள். அவன் மூடியை மெல்லத் திருகினான். கண்ணை மூடி மூச்சை இழுத்தான். கூட்டம் முழுவதும் அவனோடு சேர்ந்து இழுத்தது. யாருக்கும் எதுவும் வரவில்லை. குப்பியிலிருந்து ஒரு பொட்டு வாசனைகூட வெளியே வரவில்லை. ஆனால் அவர் முகம் எல்லோரும் ஞாயிறுதோறும் பார்த்ததுபோல ஒரு பக்கம் திரும்பியது. தொலைக்காட்சியில் அந்த இடத்தோடு காட்சி மாறிவிடும். இங்கே மாறவில்லை. முகம் இன்னும் திரும்பிக்கொண்டே போய், மூக்கு ஒரு பக்கம் பிரிந்து தொங்க, அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

“எங்க வீட்டுக் கொல்லை,” என்றார். “மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால. அம்மா கொடியில துணி எடுக்க ஓடறா. என்னையும் தூக்கிக்கிட்டு ஓடறா.”

 பிறகு பின்னாலிருந்து ஒருவர் மெதுவாக, குப்பியை உடைத்தால் ஊருக்குக் கிடைத்துவிடும் என்றார். இன்னொருவர் அதுதான் சரி, ஊர்ச் சொத்து என்றார். வாமனராவும் தலையாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குப்பியை ஐதாளிடம் நீட்டினார். அவர் வாங்குவதற்கு முன் ஜலஜாட்சி அதைப் பிடுங்கினாள். மூடியைப் போட்டு இறுக்கித் திருகி, திரும்ப வாமனராவின் கையிலேயே வைத்து, அவர் விரல்களைத் தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டாள். ஐதாள் மகளை அதட்டவில்லை. அவர் குலாபியக்காவைப் பார்த்தார். எல்லோரும் குலாபியக்காவைத்தான் பார்த்தார்கள். இரண்டு வருஷ அப்பளம் அவருடையது.

குலாபியக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “நமக்கு இன்னும் ஆயிரம் வாசனை இருக்கு. அவருக்கு இது ஒண்ணுதான்,” என்றார். “இருக்கட்டும். நான் மேகத்தைப் பாத்துக்கறேன்.”

வாமனராவ் மதியம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். ஹோட்டலில் அவருக்கு இலையில் இரண்டு தரம் பாயசம் விட்டார்கள். பிள்ளைகள் பஸ்ஸுக்குப் பின்னால் எல்லைவரை ஓடினார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் யாரும் புட்டனாக இருக்க ஒப்புக்கொள்ளாததால் அந்த விளையாட்டே நின்றுபோனது. மேகம் பார்க்கக் கற்றுக்கொள்ளும்வரை குலாபியக்காவுக்கு மேலும் ஒரு வருஷத்து அப்பளம் போயிற்று. பிறகு போகவில்லை. தொலைபேசி வந்ததும், மலைக்கு அந்தப்புறம் இருக்கும் ஹெக்கெரெக்காரர்கள் தங்களுக்கு வாசனை வந்தவுடன் கூப்பிட்டுச் சொல்லும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஐதாளின் மகன் வண்ணத் தொலைக்காட்சி வாங்கினான். அதில் எத்தனையோ அசுரர்கள் வந்து வயிறு குலுங்கச் சிரித்துப் போனார்கள். ஒருவரும் எதையும் எடுத்துப்போகவில்லை. ஜலஜாட்சி மங்களூரில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பெங்களூர் போகும்போதெல்லாம் சாமராஜபேட்டை மாடியேறி, வாமனராவுக்குப் பாலைத் தானே காய்ச்சிக் கொடுத்துவிட்டு, அவர் குப்பியைத் திறந்து கண்ணை மூடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். தனக்கு ஏதாவது வருகிறதா என்று அவள் ஒருநாளும் முயன்று பார்த்ததில்லை.

2004இல் வாமனராவ் காலமானார். செய்தி தெரிந்து ஜலஜாட்சி போனபோது, குப்பி அவர் கைக்குள்ளேயே இருந்ததாகவும், பிரிக்க வராததால் அப்படியே கொண்டுபோனார்களென்றும் கீழ்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அவள் ஊருக்கு வந்து இதைச் சொன்னாள். இனி அது திரும்புமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. ஹோட்டலைச் சாத்திவிட்டு ஐதாள் அன்று முழுவதும் சாப்பிடாமல் இருந்தார்.

இப்போதும் ஹொன்னெகொப்பாவில் முதல் மழைக்கு வாசனை கிடையாது. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்களுக்குத்தான் முதல் வருஷம் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். போன ஏப்ரலில் குலாபியக்கா வீட்டுக்குப் புதிதாக வந்த பேரன் மனைவி, தூறல் விழுந்ததும் முற்றத்தில் போய் நின்று, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பயந்துபோய்த் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டுச் சொன்னாள்:

“உன் மூக்குல ஒரு கோளாறும் இல்லம்மா. அதை நாங்க ஒருத்தருக்குக் குடுத்துட்டோம். அந்தப் பாயைப் பிடி, அப்பளம் நனையுது.”