சேர்க்கப்படாத மூன்று வாரங்கள்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஓர் அடிக்குறிப்பிலிருந்து உருவினேன். என் நாத்தனார் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். "அண்ணி, ஒற்றுப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க, வேற எதுலயும் கை வெச்சுடாதீங்க" என்று தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை என்னிடம் தந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'தவிர்க்க முடியாத காரணங்களால் நான்கு முதல் ஆறு வரையிலான வாரங்களின் தரவுகள் சேர்க்கப்படவில்லை.'

தவிர்க்க முடியாத காரணம் என்று ஒருவர் எழுதினால், எதையோ அமுக்கியிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு நாள் நச்சரித்து விஷயத்தைக் கறந்துவிட்டேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'சமூகத்தின் ஏற்றத்தாழ்வுகள் வகுப்பறைச் சுவர்களுக்குள்ளும்' — வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

அடுத்தது: 'கடைசி பெஞ்சில், கையில் ஸ்டாப்வாட்சுடன் ஓர் இளம்பெண்' — துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது. [தவிர அவளுக்கு முப்பத்தாறு வயது. பெஞ்சோ பத்து வயதுப் பிள்ளைகளுக்கானது. முட்டி இடித்து இடித்து நீலம் பாரித்துவிட்டது என்று புலம்புவாள்.]

நேரே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு, கணக்குப் பாடம். டீச்சர் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்டால், பதிலுக்காக எத்தனை விநாடி பொறுக்கிறார் என்று அளப்பதுதான் நாத்தனாரின் வேலை. பிறகு அந்த விநாடிகளைப் பிள்ளையின் குடும்ப நிலையோடு ஒப்பிட வேண்டும். அதற்காகப் பெற்றோரின் தொழிலை வைத்து ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. டாக்டர், பெரிய அதிகாரி வீடு என்றால் ஒன்று. கடை கண்ணி வைத்திருந்தால் மூன்று. அன்றாடக் கூலி என்றால் ஐந்து.

முதல் மூன்று வாரம் எல்லாம் அவள் எதிர்பார்த்தபடியே நடந்தது. முதல் பெஞ்சில் ஒரு டாக்டர் மகன் இருந்தான். கேள்வி முடியும் முன்பே கை தூக்குவதால் வகுப்பே அவனை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடும். அவன் யோசித்தால் டீச்சர் நாலு விநாடி நிற்பார். ஜன்னலோரம் மூட்டை தூக்குபவரின் மகள் ஒருத்தி. பதிலை வாய்க்குள்ளேயே சொல்லி விழுங்கிவிடுவாள், பட்டப்பெயர் முணுமுணுப்பு. அவளுக்கு ஒரே விநாடிதான். "சரி, உக்காரும்மா."

3

இங்கே டீச்சரை வில்லியாக்கிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. 'டீச்சரின் கண்ணில் ஓர் அலட்சியம்' என்று எழுதியும் பார்த்தேன். அடித்துவிட்டேன், பொய். இருபத்திரண்டு வருட வேலையில் பிள்ளைகள் மேல் கை ஓங்காத மனுஷி அவர். பதில் தெரியாமல் எல்லார் முன்னாலும் நிற்பது கூச்சமாக இருக்குமே என்ற இரக்கத்தில்தான் முணுமுணுப்பைச் சட்டென்று உட்காரச் சொல்வார். அந்த இரக்கம்தான் அவளை வாயைத் திறக்க விடவில்லை.

4

நான்காம் வாரம் கணக்கு தலைகீழாகிவிட்டது. முணுமுணுப்புக்கு ஐந்து விநாடி, ஆறு விநாடி. முந்திரிக்கொட்டைக்கு ஒன்று. ஸ்டாப்வாட்ச்தான் மக்கர் செய்கிறது என்று நாத்தனார் பேட்டரி மாற்றினாள். ஐந்தாம் வாரம் வேறு வாட்ச்சே வாங்கினாள். [படித்தவர்கள் சந்தேகப்படும் வரிசையைக் கவனியுங்கள்.]

அந்த வாரம்தான் முணுமுணுப்பு முதல் தடவையாக வகுப்புக்கே கேட்கிற மாதிரி ஒரு பதில் சொன்னாள். தப்பான பதில். டீச்சர், "எப்படிம்மா முக்கால் வந்துது? வந்து போட்டுக் காட்டு" என்றார். அவள் போய்ப் போட்டாள், பாதியில் தானே தப்பைக் கண்டுபிடித்து அழித்தாள். ஆறாம் வாரம் இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது. கரும்பலகையைப் பார்த்து, "டீச்சர், நீங்க கழிச்சது தப்பு" என்றாள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். தப்புதான்.

அன்று மாலை நாத்தனார் டீச்சரின் மேஜையில், கண்ணாடிக்கு அடியில், தன்னுடைய தாளையே பார்த்தாள். யார் எங்கே உட்காருகிறார்கள் என்ற வரைபடம். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பென்சிலில் அவள் போட்ட தொழில் எண். மூன்றாம் வாரக் கடைசியில் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அதே சமயத்தில்தான் பிள்ளைகளுக்கு ஒரு புதிர்த்தாளும் கொடுத்திருந்தாள், மொத்த மதிப்பெண் ஐந்து. என் நாத்தனார் போட்ட எண்கள் அந்தப் புதிரின் மதிப்பெண்கள் என்று டீச்சர் முடிச்சுப் போட்டுவிட்டார். அவரைப் பொறுத்தவரை முந்திரிக்கொட்டை ஐந்துக்கு ஒன்று, முணுமுணுப்பு ஐந்துக்கு ஐந்து.

5

வழிகாட்டிப் பேராசிரியர் போட்டுத் தாளித்துவிட்டார். "மூணு வாரமும் குப்பை. டீச்சர் கிட்ட உண்மையைச் சொல்லிட்டு மறுபடியும் முதல்லேர்ந்து எடு." அடிக்குறிப்பு எழுதியாயிற்று, டீச்சரிடம் சொல்வதுதான் பாக்கி. போன வெள்ளிக்கிழமை அதற்காகவே போனாள். வாயைத் திறக்கும் முன் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தாளைப் பாத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே சரியா இல்லைம்மா. அந்த ஜன்னலோரப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னே நெனச்சிருந்தேன். இத்தனை வருஷத்துல இந்த மாதிரி எத்தனை பேரை உக்கார வெச்சுட்டேனோ!"

"டீச்சர், அந்த நம்பர் வந்து..."

"இருங்க, ஒரு உதவி பண்ணுங்க." டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பக்கத்து வகுப்பின் வரைபடம், எல்லாக் கட்டமும் காலி. "அடுத்த வாரத்துலேர்ந்து இந்த வகுப்புக்கும் நான்தான் கணக்கு எடுக்கறேன். இதுக்கும் அதே மாதிரி நம்பர் போட்டுக் குடுத்துடுங்க. அந்தப் பிள்ளைங்களையாவது ஆரம்பத்துலேர்ந்து சரியா கவனிக்கறேன்."

நாத்தனார் தாளை வாங்கிக்கொண்டு, "திங்கக்கிழமை வரேன் டீச்சர்" என்று நழுவிவிட்டாள்.

6

முடிவுகள் போட்டுப் பார்த்தேன்.

(அ) உண்மையைச் சொல்கிறாள். டீச்சர் சிரித்துவிட்டு எல்லாப் பிள்ளைக்கும் ஆறு விநாடி கொடுக்கிறார். சுபம். நானே நம்பவில்லை.

(ஆ) உண்மையைச் சொல்கிறாள். டீச்சருக்குத் தலையிறக்கம். செவ்வாய்க்கிழமை, "சரி, உக்காரும்மா."

(இ) பக்கத்து வகுப்பில் எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்டுத் தருகிறாள். ஆராய்ச்சி போகிறது, பட்டம் போகிறது, பிள்ளைகள் பிழைக்கிறார்கள். இதுதான் பிடித்திருந்தது. இதை எழுதி முடிக்கும்போதுதான் முந்திரிக்கொட்டை நினைவுக்கு வந்தான். ஆறாம் வாரம் முழுக்க அவன் ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை என்று அவள் குறிப்பில் இருக்கிறது. இந்த முடிவில் அவன் கட்டத்தில் அந்த ஒன்று அப்படியே நிற்கிறது. அவன் என்ன பாவம் செய்தான்?*

* முதல் மூன்று வாரத்தை எழுதியபோது, முணுமுணுப்பைப் பற்றி இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

7

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் செய்தாள்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குப் போகணும் அண்ணி. தாளு இன்னும் காலியாத்தான் இருக்கு. என்ன சொல்லட்டும்?"

"உண்மையைச் சொல்லிடு. அந்தப் பையன் பாவம்" என்றேன், யோசிக்காமலே.

"அந்தப் பொண்ணு?"

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். எங்கள் மகளும் ஐந்தாம் வகுப்பு, வேறு பள்ளி. நாத்தனாரின் கணக்கில் அவள் ஒன்று. போன வருடம், "மிஸ் என்னைக் கேக்கவே மாட்டேங்கறாங்க" என்று அவள் மூக்கைச் சிந்தியதற்காகப் பள்ளிக்கே போய் ஒரு மூச்சுச் சண்டை போட்டுவிட்டு வந்தவள் நான். முணுமுணுப்புக்காக அப்படிப் போக அவள் அப்பா ஒரு நாள் கூலியை விட வேண்டும். அவர் போனதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டதால் என் பதில் மாறிவிடவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகவே இந்த முடிவை நான் எழுதக் கூடாது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எந்த எண் வரும் என்று மனதுக்குள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, இந்தாருங்கள் போன், நீங்களே சொல்லுங்கள்.

லைனில்தான் இருக்கிறாள்.