பக்கத்துத் தலையணை

தையல்காரருக்குத் தூக்கம் என்றாலே எரிச்சல். "சும்மா கெடக்கறதுக்கு ஒரு பேரு, தூக்கமாம்!" என்று மனைவியைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். அவளுக்கோ மதியத் தூக்கம்தான் உயிர். படுக்கும்போதெல்லாம் அவருக்கும் பக்கத்தில் ஒரு தலையணை போட்டுவைப்பாள். "என்னைக்காவது வராமலா போயிடுவீங்க?" என்பாள்.

ஒரு மதியம், கடையில் அளவு நாடாவைக் காணோமே என்று வீட்டுக்கு வந்தார். படுக்கையறையில் மனைவி விழித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தலையணையில் யாரோ குறட்டை விடும் சத்தம். எட்டிப் பார்த்தார். படுத்திருந்தது அவரேதான். கழுத்தில் அந்த அளவு நாடா.

மனைவி நிமிர்ந்து, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"சத்தம் போடாதீங்க. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் கண்ணசந்திருக்காரு. துணி தைக்கணும்னா அப்புறமா வாங்க."