இன்னும் பதினோரு அறைகள்

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் முடித்து வந்து படுத்தவர்கள் காலை ஏழு மணியிலிருந்தே கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். லாட்ஜின் முப்பத்தாறு அறைகளையும் இரண்டு மணிக்குள் கூட்டித் துடைத்து விரிப்பு மாற்றியாக வேண்டும். சூப்பர்வைசர் திருமலை வரவேற்பில் உட்கார்ந்து மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அறைகளைச் சுத்தம் செய்யும் இரண்டு பெண்களில் ஆதிலட்சுமியைக் கால் மணி நேரமாகக் காணவில்லை.

"அந்தம்மா இந்த பௌர்ணமிய தாண்டுதானு பாரு. மறுபடி இடுப்ப புடிச்சுக்கினு உக்காந்துட்டா, நாளைலேர்ந்து வேற ஆளு" என்று முதலாளி சக்கரவர்த்தி நேற்றே சொல்லிவிட்டார். அதை அவளிடம் சொல்லத் திருமலைக்கு வாய் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவள் இடுப்பு முதல்முறை விட்டுப்போனபோது, இரக்கப்பட்டு ஒரு நாற்காலி போட்டு, துண்டு மடிக்கும் வேலையை மட்டும் கொடுத்தவர் அவர்தான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மாதக் கடைசியில் நாற்காலியிலிருந்து எழவே அவளுக்கு இன்னொருவர் கை வேண்டியிருந்தது. பிறகு பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஆறு பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து ஆதிலட்சுமி தினமும் பழைய போர்வையை விரித்துப்போட்டுச் செய்கிறாள். அவள் தொடங்கியதில் திருமலைக்கு ஆச்சரியம் இல்லை. அவரும் தன் முதுகுக்காகத் தொடங்கியவர்தான். வலி விட்டதும் இரண்டாவது வாரத்தில் போர்வையைச் சுருட்டி வைத்துவிட்டார். வலி விரட்டும்போது யாரும் ஓடுவார்கள். விரட்ட ஒன்றுமே இல்லாத நாட்களிலும், தீபத் திருநாள் நெரிசலிலும், அண்ணன் செத்துக் காரியம் முடிந்த மறுநாளிலும், யாரும் பார்க்காத ஸ்டோர் ரூமில் ஒருத்தி தரையில் படுத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள். அதுதான் அவருக்கு ஆச்சரியம்.

அவர் எழுந்து மாடி ஏறியபோது, இன்னொரு பெண்ணான பொன்னி வாளியோடு எதிரே வந்தாள்.

"ஆதிலட்சுமி எங்க?"

"அக்கா ஜிம்முல கீதுண்ணா. டிக்கெட் வாங்கினு போங்க."

பொன்னி கைகாட்டிய இருநூற்று ஏழாம் அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அவள் மல்லாந்து படுத்திருந்தாள். முழங்கால்கள் மடங்கி, பாதங்கள் தரையில் ஊன்றி, இடுப்பு மட்டும் மேலே எழும்பியிருந்தது. கீழுதட்டைக் கடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வலி வந்துடுச்சா?"

"இருங்கண்ணா, எண்ணிக்கினு கீறேன்."

பத்து முடித்து இடுப்பை மெல்ல இறக்கினாள். "காலைலேர்ந்து புடிச்சுக்கினுதான் இருக்கு. வலியே வராதுனு அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு சொல்லலண்ணா. வந்தா கம்மியா வரும், சீக்கிரம் போயிடும்னுதான் சொல்லுச்சு. போன தபா ரெண்டே நாளு."

"அதுக்கு முன்னாடி?"

"மாசக் கணக்குல. நீங்க சேர் போட்டுக் குடுத்தீங்களே, அப்போ." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஓனரா?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. "நேத்து அவரு சொன்னத பொன்னி கேட்டுட்டு வந்து எல்லாம் சொல்லிட்டா. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

போனைக் காதில் வைத்தார். முதலாளி கேட்பதற்கு முன்னால் அவரே பேசினார். "வேற ஆளு வேணாங்க. இன்னும் பதினோரு ரூம்தான்."

"ரெண்டு மணிக்குள்ள அந்தம்மாவால முடியுமா?"

அவர் ஆதிலட்சுமியைப் பார்த்தார். அவள் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, மண்டியிட்டு, கட்டிலைப் பிடிக்காமலே எழுந்து நின்றாள். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். மடித்திருந்த வெள்ளை விரிப்பை எடுத்து ஒரே உதறலில் மெத்தை மேல் பரப்பினாள். சுவரோரத்து மூலை தூரத்தில் இருந்தது. ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றி, முதுகை வளைக்காமல், அந்த மூலையை நோக்கிக் கையை நீட்டினாள்.