விரிப்புக்கு ஒரு வரி

அன்று நாங்கள் ஒழுங்காக மடித்து அடுக்கிய கடைசி விரிப்பின் மூலையில் ஒரு மஞ்சள் கறை இருந்தது.

"இது மறுபடி சோப்புக்குப் போகணும்" என்றேன்.

"தூங்குறவன் கண்ணைத் திறந்துக்கிட்டா தூங்கப் போறான்?" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு அவரே அதைப் பிரித்துத் தனியாகப் போட்டார்.

எங்களுடையது சலவைக் கடை. திங்கள்தோறும் ஓட்டல் வண்டி நாற்பது படுக்கை விரிப்புகளை இறக்கிவிட்டுப் போகும். ஒவ்வொன்றும் ஒன்பது அடி. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். இருபத்தாறு வருடமாக நாங்கள் இருவரும் அப்படி நடந்திருக்கிறோம்.

கடைசி எட்டு மாதம் மடிப்போடு பிரெஞ்சும் சேர்ந்துகொண்டது. எங்கள் ஒரே மகள் அந்த மொழி பேசும் நாட்டில் நர்ஸ். எங்களை அங்கே அழைத்துக்கொள்ள வேண்டுமானால் இருவரில் ஒருவராவது மொழித் தேர்வில் தேற வேண்டுமாம். "அஞ்சுல வளையாததை அறுபதுல வளைக்கப் பார்க்குறா உன் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே அவர் வகுப்பில் சேர்ந்தார். அவர் ஒப்பிப்பதை நான் சரிபார்க்க வேண்டும் என்பதால் நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி, இஸ்திரி மேசைக்கு மேலே கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்.

விரிப்புக்கு ஒரு வரி என்பது எங்கள் கணக்கு. நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஒரு வினைச்சொல்லுக்கு ஆறு வரி. தவறினால் முதலிலிருந்து. வரி மறந்துவிட்டால் அவரிடம் ஒரு தந்திரம் உண்டு. பிடித்திருக்கும் முனையை நழுவவிடுவார். "கை வழுக்கிடுச்சும்மா" என்பார். விழுந்ததை எடுத்து உதறும் சாக்கில் நோட்டை எட்டிப் பார்த்துவிடுவார். இரண்டு மாதம் ஏமாந்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

அன்றைய சொல் துவைப்பது. ஒழுங்கான வினைச்சொல், இது ஒன்று வந்துவிட்டால் இதே அச்சில் நூற்றுக்கணக்கில் வரும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

"நம்ம தொழில்மா. இதுல ஃபெயிலானா மானம் போயிடும்" என்று முனைகளைப் பிடித்தார். "ஜவே லவே."

"அப்படின்னா?"

"நான் துவைச்சிருந்தேன். வேற ஒண்ணு நடக்கறதுக்கு முன்னாடியே துவைச்சு முடிச்சாச்சு."

"நீங்க எப்போ அப்படி முடிச்சிருக்கீங்க? ஆள் வந்து நின்னப்புறம்தானே சட்டையையே தேடுவீங்க."

"அதான் இது எனக்கு வாயில வர மாட்டேங்குது."

அடுத்த விரிப்பு. "து அவே லவே." அதற்கடுத்தது. "இல் அவே லவே."

"எல்லாம் ஆட்டுக்குட்டி கத்துற மாதிரிதான் இருக்கு. இதுக்கு ஒரு பரீட்சையா?"

நான்காவது விரிப்பில் அவர் பேச்சு நின்றது. இடது கையிலிருந்த முனை நழுவியது.

"கை வழுக்கிடுச்சும்மா."

"தெரியுமே. நாலாவது வந்தா உங்க கைக்கு யாரோ எண்ணெய் தடவிடுறாங்க. முதல்லேர்ந்து."

"இல்லம்மா, நிஜமாவே. மரத்த மாதிரி இருக்கு."

"காதுல பூ சுத்தாதீங்க. நோட்டைப் பார்க்கக் கூடாது."

அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. குறும்பு என்று நினைத்தேன். நடுவில் கோட்டு வாங்க ஒருவர் வந்தார், கொடுத்தனுப்பிவிட்டு வந்தேன். என் கணவர் முனையை வலது கையில் சுருட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது வரியைச் சொல்லிவிட்டு அழுக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"நடிப்பு போதும், எழுந்திரிங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "விழறதுக்கு முன்னாடி கை மரத்துச்சுன்னு ஏதாவது சொன்னாரா?"

"இல்ல" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அன்று மாலையே அவர் போய்விட்டார். பத்து நிமிடம் முந்தி வந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

மகள் வந்தாள். வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள். "நான்தான் கொன்னுட்டேன். ரத்தக் கொதிப்பு இருக்குன்னு தெரிஞ்சும் பரீட்சை, பரீட்சைன்னு அவரை அரிச்சு எடுத்தேன்." நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பழி அவளிடம் இருந்தவரை எனக்கு மூச்சு விட முடிந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த திங்கள் வண்டி வந்து நாற்பது விரிப்புகளை இறக்கியது. ஓட்டலுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. துவைத்துக் காய்ந்ததும் மகள் எதிரே வந்து இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டாள். அவர் நின்ற இடத்தில் நின்றாள். தலைக்கு மேலே நோட்டு தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு, "என்னாலதாம்மா" என்று மறுபடி ஆரம்பித்தாள்.

"உன்னால இல்லடி" என்றேன். "கை மரத்துப்போச்சுன்னு என்கிட்ட சொன்னார். நான் நம்பல. நடிக்கிறார்னு நினைச்சேன். முதல்லேர்ந்து சொல்லச் சொன்னேன்."

அவள் முனைகளைப் பிடித்தபடியே கேட்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"கேட்டார். இல்லன்னு சொல்லிட்டேன்."

முனைகளைக் கீழே விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவே இல்லை. நான் என் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்ப்பாதி தரையில் கிடந்தது.

முகம் கழுவி வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தாள்.

"முதல்லேர்ந்து சொன்னாரா?"

"சொன்னார். மூணு வரியும் சரியாச் சொன்னார்."

அவள் என்னை மன்னித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று குனிந்து தன் முனைகளை எடுத்தாள். உதறினோம்.

விரிப்பு ஒன்பது அடி. அதை மடிக்க இரண்டு பேர் வேண்டும்.