மும்முனை இணைப்புக்கு ஒரு கையெழுத்து

1

இந்தக் கதை சண்டை போடப் போன வழியில் கிடைத்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் எனக்கு அடுத்த வீட்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அங்கே அந்த வீட்டுப் பெண் பியூலா வெல்டிங் ராடை இரும்பில் வைத்தால், இங்கே என் மின்விசிறி தளரும், கம்ப்யூட்டர் அணையும். அன்று நான் எழுதிக்கொண்டிருந்த சரித்திரக் கதை இப்படி நின்றது:

தாமிரபரணியில் புதுவெள்ளம் வந்த அன்று பாண்டியனின் தூதுவன்

அவ்வளவுதான். தூதுவனை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

2

[இங்கே பியூலாவின் தோற்றத்தை எட்டு வரி எழுதி அடித்துவிட்டேன். முகமூடி போட்டு வேலை செய்கிறவளுக்கு என் வர்ணனை எதற்கு?]

பேச வேண்டியதை வழியிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் முகமூடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு கொட்டகைக் கதவைக் காட்டினாள். சாக்கட்டியில் தெருவின் நேரங்கள் எழுதியிருந்தன: எந்த வீட்டில் எப்போது கிரைண்டர், எந்த வீட்டில் எப்போது மோட்டார். அதையெல்லாம் ஒதுக்கி மிஞ்சுகிற நேரத்தில்தான் அவள் ராடைத் தொடுகிறாள். அவளுக்கு வருவது ஒருமுனை மின்சாரம், சிங்கிள் ஃபேஸ். கம்பத்திலிருந்து வரும் வயரும் மெலிது. மெஷின் சட்டென்று இழுத்தால், அதே முனையில் இருக்கும் என் வீட்டுக்கும் குறைந்துவிடுகிறது.

"நீங்க பகல்ல சும்மா இருக்கீங்கன்னு நெனச்சிட்டேன் அண்ணாச்சி," என்றாள்.

பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். இவ்வளவு சுருக்கமான விமர்சனம் எனக்கு வந்ததில்லை. அன்றே கதவில் ஒரு வரி கூடியது: அண்ணாச்சி, எழுத்து, பத்து முதல் பன்னிரண்டு.

3

சண்டை முடிந்துவிட்டது. கதை முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தெரிந்தது ஒரு வாரம் கழித்துத்தான்.

பியூலா ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்து, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். தாய் இறந்ததும் தகப்பனைத் தனியே விட மனமில்லாமல் வந்து இந்தக் கொட்டகையைப் போட்டாள். இதுவரை ஜன்னல் கம்பி, துணி காயப்போடும் கம்பி என்று சில்லறை வேலைகள்தான். இப்போது முதல்முறையாகப் பெரிய வேலை: ஆற்றுப் படித்துறையில் வயதானவர்கள் பிடித்து இறங்க இரும்புக் கைப்பிடி. குழாய் கனமானது. ஒருமுனை மின்சாரத்தில் ராடு இரும்பில் ஒட்டிக்கொள்கிறது. பற்றவைப்பு ஆழமாக இறங்குவதில்லை. ஈரப் படியில் கிழவர்கள் முழு உடலையும் சாய்க்கிற கைப்பிடி அது. அரைகுறையாகச் செய்ய அவளுக்குக் கை வராது.* மாதக் கடைசிக்குள் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பம் போகாவிட்டால் வேலை அம்பாசமுத்திரத்துப் பட்டறை ஒன்றுக்குப் போய்விடும். அவள் கொட்டகையைப் பூட்டிவிட்டுக் கரூருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

* எதிர்வீடு வேறு முனையில் இருக்கிறது, அங்கிருந்து ஒரு வயர் இழுத்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று டீக்கடையில் கேட்ட ஞானத்தை அவளிடம் அவிழ்த்துவிட்டேன். "கம்பத்துல ஏறுத ஆளு, லைன் செத்துட்டுன்னு நம்பித்தான் கைய வைப்பாரு. மத்த முனை கரண்டு எம் மெஷின் வழியா அங்கன போயிரும் அண்ணாச்சி. நமக்கு அது வேண்டாம்," என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

4

விண்ணப்பத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரர் அவள் தகப்பன் அப்பாத்துரை. அவர் போடவில்லை.

முதல் பிரதியில் அவரை முரட்டுக் கிழவராக எழுதினேன். பொய். அவர் நூல் மில்லில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். தீப்பெட்டியை வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போன மனிதர். பறக்கிற பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். அவர் பெற்ற மகள் கொல்லையில் பொறி பறக்க விடுகிறாள். ஒரு கரண்டுக்கே இந்தப் பொறி என்றால் மூன்று வந்தால் என்ன ஆகும் என்று என்னிடமே கேட்டார். அவள் வெல்டிங் வைக்கும் நேரமெல்லாம் வாளித் தண்ணீரோடு வெளியே நிற்பார்.

ஒருநாள் பொறி ஒரு சாக்கில் விழுந்து புகைந்தது. அப்பாத்துரை வாளியைத் தூக்கினார். அதைப் பார்த்த பியூலா ராடைப் போட்டுவிட்டு மெயின் சுவிட்சுக்குப் பாய்ந்தாள். அவள் அணைக்கவும் தண்ணீர் மெஷின்மேல் விழவும் சரியாக இருந்தது. ஒரு நொடி தப்பியிருந்தால் ஈரத்தில் நின்ற இருவரும்

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. இதற்கு மின்சாரத்தைக் குறை சொல்ல முடியாது.]

நான் அவளாக இருந்தால் கிழவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருப்பேன். அவள் திட்டக்கூட இல்லை. மறுநாள் வாளிகளில் ஆற்று மணலை நிரப்பி, அதே இடத்தில் வைத்தாள்.

"நீ நில்லுப்பா. நீ நின்னாத்தான் எனக்கு வேல ஓடுது. தண்ணி மட்டும் வேண்டாம்," என்றாள்.

பயந்தவரை விரட்டாமல், பயத்துக்கே ஒரு வேலை கொடுத்த அந்தப் புத்தியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவளைக் கும்பிடத் தோன்றியது. கூச்சத்தில் மணல் வாளியைத் தூக்கிக் கொடுத்தேன்.

5

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு அப்பாத்துரை என்னைக் கூப்பிட்டு விண்ணப்பத்தை வாசிக்கச் சொன்னார். அதற்குள் நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(அ) கையெழுத்துப் போடுகிறார். படித்துறையில் கைப்பிடி நிற்கிறது.
(ஆ) போடவில்லை. பியூலா கரூர் பஸ்ஸில் ஏறுகிறாள்.

வரி வரியாக வாசித்தேன். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். விண்ணப்பிக்கிறவர்தான் பொறுப்பு, அதில் அவர் பெயர்தான் இருக்கிறது என்றேன். பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை. தாளில் தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"எம் பேருல இருந்தா நான் சாவுற வரைக்கும் வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பேன். அவ பேருலயே வாங்கணும்னா நான் எங்கன கையெழுத்துப் போடணும் வே?"

இந்தக் கேள்வி என் இரண்டு முடிவுகளிலும் இல்லை. பொறுப்பை மகள் தலையில் கட்டுகிறாரா, பட்டறையை அவள் கையில் கொடுக்கிறாரா? அவர் முகத்தில் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

வாசலில் பியூலா நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். தகப்பனும் திரும்பி அவளைப் பார்த்துவிட்டார்.

அவளுக்கு ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். நன்றி சொன்னாள் என்று எழுதினேன், அழுதாள் என்று எழுதினேன், எல்லாவற்றையும் அடித்தேன். எதுவும் அவள் உயரத்துக்கு வரவில்லை. நீங்கள் யாருக்கோ மகளாகவோ மகனாகவோ இருந்தவர்தானே? பேனாவை உங்களிடம் தருகிறேன். அவள் தகப்பனிடம் என்ன சொன்னாள்?